இறங்குவது எப்படி?

கேள்வி: முதல் நவீன ஒலிம்பிக்ஸில் கோலூன்றித் தாண்டும் போட்டி எப்படி இருந்தது?

பதில்: 1896, ஏதென்ஸ். மொத்தமே ஐந்து பேர்: மூன்று கிரேக்கர்கள், இரண்டு அமெரிக்க மாணவர்கள். கிரேக்கர்களில் முன்னணியில் இருந்தவர்களே 2.60 மீட்டரோடு மூட்டை கட்டினார்கள். அதுவரை அமெரிக்கர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சும்மா வேடிக்கை பார்த்தார்கள்! அப்புறம் எழுந்து வந்து தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். ஹார்வர்டின் வில்லியம் ஹோய்ட் 3.30 மீட்டர் தாண்டி முதலிடம். பிரின்ஸ்டனின் ஆல்பர்ட் டைலர் 3.20. ஜெயித்தவருக்குத் தங்கமா? அந்த ஒலிம்பிக்ஸில் முதல் பரிசே வெள்ளிதான்!

இன்று 6 மீட்டருக்கு மேல் பறக்கிறார்களே என்கிறீர்களா? இன்றைய ஃபைபர் கிளாஸ் கம்பு வில்லாய் வளைந்து ஆளைத் தூக்கிவிடுகிறது. விழுந்தால் தாங்க மெத்தை இருக்கிறது. அன்று இரண்டும் இல்லை. ஏறும்போதே எப்படி இறங்குவது என்றும் யோசிக்க வேண்டும். பதவியில் ஏறுகிறவர்களுக்கும் அந்த யோசனை இருந்தால் நாடு உருப்படும்!