நீல ஈ: கண்டி வட்டாரத்தில் உலாவி பெயர்த்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

உலாவி பெயர்த்தல் என்பது, இயங்குதளத்தோடு கூடவே வந்த பழைய உலாவியை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை அமர்த்துவதாகும். கண்டி வட்டாரத்தில் இத்தொடர் வழக்கில் இல்லை. கட்டுகஸ்தோட்டை முதல் பேராதனை வரை கொமினிகேஷன் கடைகளில் வழங்குவது, "இன்டர்நெட் வருதில்ல தம்பி, கொஞ்சம் பாருங்க" என்பதே. இதில் வரும் இன்டர்நெட் உலகளாவிய வலையமைப்பைச் சுட்டாது. திரையின் ஓரத்தில் நிற்கும் நீல நிற ஆங்கில எழுத்து 'ஈ'யை, அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியையே சுட்டும். விளைவின் பெயர் கருவிக்கு ஆகி வந்தமையால் இதைக் காரியவாகுபெயர் எனக் கொள்வது பொருந்தும்.

'ஈ' என்பதற்குத் தமிழில் பூச்சி என்றும் பொருள் உண்டு, கொடு என்றும் பொருள் உண்டு. வின்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து இந்த உலாவியை முழுதாக விரட்ட முடியாது என்பதால் முதற்பொருளைத் தள்ளுவதற்கில்லை. எனினும் இரண்டாவதே ஆழமானது. இரத்தற்சொற்கள் ஈ, தா, கொடு என மூன்று என்பதும், அவற்றுள் 'ஈ' தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது என்பதும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் விதி. இன்றைய இணையதளத்தின் வாசலில் பழைய கணினி நிற்கும் நிலை இதுவே. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தொல்காப்பியம் பார்த்துத்தான் எழுத்தைத் தெரிவு செய்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1995 ஆகஸ்டில் தோன்றியது. அதன் ஆறாம் பதிப்பு 2001இல் எக்ஸ்பியோடு வந்தது. எட்டாம் பதிப்புக்கு மேல் எக்ஸ்பியில் ஏறாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதி நின்றது. 2022 ஜூன் 15ஆம் திகதி உலாவியே ஓய்வு பெற்றது. தென்கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் நட்டு, மற்ற உலாவிகளைத் தரவிறக்க உதவிய நல்ல கருவி என்று பொறித்தார். கண்டிக் கடைகளைப் பொறுத்தமட்டில் இக்கல்வெட்டு மிகையான புகழ்ச்சி. இங்குள்ள பழைய கணினிகளில் அந்தக் கடைசி உதவியையும் அது செய்வதில்லை.

காரணம் இரண்டு. தளங்கள் இப்போது பேசும் மறையாக்க மொழி டிஎல்எஸ் 1.2, அல்லது அதற்குப் பிந்தியது. 2008இல் வகுக்கப்பட்ட அம்மொழி சாதாரண எக்ஸ்பியின் உலாவிக்குக் கற்பிக்கப்படவில்லை. மற்றது இதைவிட அற்பமானது. ஆகவே நீண்ட ஆராய்ச்சிக்கு உரியது. தாய்ப்பலகையில் ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசளவில் சிஆர் 2032 என்ற மின்கலம் இருக்கிறது. அது செத்தால், கணினியை அணைத்து மின்சாரத்தையும் துண்டித்த இரவில் திகதி பின்னோக்கி ஓடி, காலையில் 2002 ஜனவரி 1 என்று விடியும். சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாள்; கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த தாய், மகளின் சுட்டெண் எழுதிய துண்டுக் கடதாசியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்கிறது கணினி. அதன் கணக்கில் மகள் பிறக்கவே இல்லை.

இத்தகைய கணினியை ஏன் வீசுவதில்லை என்று கேட்போர் கொமினிகேஷன் கடையின் பொருளியலை அறியாதவர். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், விண்ணப்பக் கடிதம் என எல்லா மாதிரிகளும் பாமினி எழுத்துருவில் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தவிர, பழைய பிரின்டர் புதிய வின்டோஸை மதிப்பதில்லை.

ஆகவே பெயர்ப்பு பென் டிரைவ் வழியே நடைபெறும். முதலில் மின்கலத்தை மாற்றித் திகதியைத் திருத்துவர். இதை மறந்துவிட்டுப் பிறகு தலையைச் சொறிவதும் உண்டு. உலாவி நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும் சிறிய நிறுவி உதவாது. அது புதிய பதிப்பை இழுக்கப் பார்த்து, இந்த இயங்குதளம் ஆகாது என்று கைவிரிக்கும். வேண்டியது முழு நிறுவி, அதுவும் பழையது. எக்ஸ்பிக்கு குரோம் 49 அல்லது ஃபயர்ஃபொக்ஸ் 52. வின்டோஸ் 7க்கு குரோம் 109 அல்லது ஃபயர்ஃபொக்ஸ் 115. எக்ஸ்பியில் ஃபயர்ஃபொக்ஸே மேல். சிவனொளிபாதமலை ஏறுவோர் கட்டுச்சோறு கொண்டுபோவது போல, அது தன் சான்றிதழ்களையும் மறையாக்க நூலகத்தையும் தானே சுமந்து வரும். எக்ஸ்பிக்கான இந்த உலாவிகளும் காலாவதியானவையே. பெறுபேறு பார்க்கலாம், வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியன்று.

கண்ட இடத்தில் எடுத்த நிறுவியில் வேறோர் ஆபத்து உண்டு. உலாவியோடு கூடவே கருவிப்பட்டை ஒன்றும் குடியேறி, தேடுபொறியைக் கைப்பற்றும். அரசனை நீக்க அந்நியரைத் துணைக்கழைத்த பிரதானிகள் 1815 மார்ச்சில் கண்டி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஊரில் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இறுதிப் படி உருவமாற்றம். புதிய உலாவியின் சின்னத்தை வாடிக்கையாளர் அழுத்தமாட்டார். நரியைக் கண்டால் வைரஸ் என்பார். எனவே அனுபவமுள்ள தம்பிமார் அதன் குறுக்குவழிக்குப் பழைய நீல எழுத்தையே சின்னமாக மாட்டி, அடியில் 'இன்டர்நெட்' என்று பெயரிட்டுவிடுவர். அம்மா அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப சரி தம்பி, பழையபடி வந்துட்டு" என்று சொல்லிச் சுட்டெண்ணை நீட்டுவார்.