எட்டு மணிக்கு எழுகிறவனின் காளான் ஆராய்ச்சி

சோம்பேறிகளுக்கு ஏற்ற பொழுதுபோக்குகள் எத்தனையோ இருக்க, காலை எட்டு மணிக்கு எழும் நான் ஆசைப்பட்டது, வெயில் ஏறினால் கதை முடிந்துவிடும் ஒரு காளானின்மீது. ஐப்பசி மழை விட்டதும் புல்தரையில் எட்டிப்பார்க்குமே, ஈர்க்குச்சி கனத்தில் தண்டும் அதன்மேல் மடிப்பு மடிப்பாக ஒரு சின்னக் குடையுமாக, அதுதான். அறிவியல் பெயர் பாரசோலா பிளிக்காட்டிலிஸ். எங்கள் குடியிருப்பில் முளைப்பது அதுவேதானா, அதன் பங்காளியா என்று அடித்துச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். என்னிடம் இருப்பது மூக்குக் கண்ணாடி.

இரவில் முளைத்து, விடியலில் விரிந்து, ஒரே நாளில் மறைந்துவிடும் ஜீவன் அது. தொப்பியில் சதை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. உள்ளிருக்கும் ஈரம் காய்ந்ததும் குடை சாய்ந்துவிடும். நான் காபி குடித்துவிட்டுப் போகும்போது பெரும்பாலும் இறுதிச் சடங்குதான் பாக்கியிருக்கும்.

அதிசயமாகச் சீக்கிரம் விழித்த ஒரு நாள், படம் எடுக்கத் தரையில் குப்புறப் படுத்தேன். செல்போன் பின்னாலிருந்த புல்லைத் துல்லியமாகப் பிடித்தது, காளானைப் புகையாக்கியது. காவலாளி ஓடிவந்து, "சாவி தொலைஞ்சிடுச்சா சார்?" என்றார். காளான் பார்க்கிறேன் என்பதைவிட அது கௌரவமாகத் தோன்றியதால் "ஆமாம்" என்றேன். நல்ல மனிதர், அவரும் தேட ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே காளான் அவர் செருப்புக்கடியில்.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் இந்தக் காளான் கரைந்து கறுப்பு மையாகும் என்று வாக்குக் கொடுத்தேன். கிண்ணத்தில் வைத்துக் காத்திருந்தோம். மை வரவில்லை, சருகுதான் வந்தது. மை கக்குவது கோப்ரைனஸ் கோமாட்டஸ் போன்ற உறவினர்கள். ஒரு காலத்தில் எல்லாம் கோப்ரைனஸ் என்ற கூட்டுக்குடும்பம்தான். மரபணு ஆய்வை வைத்து 2001இல் பாகம் பிரித்தபோது, கரையாமல் வாடும் இது பாரசோலா என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. "அங்கிள், பேனாவுக்கு மை கடையிலயே கிடைக்கும்" என்று சிறுமி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வித்துத்தூள் கறுப்பா என்று பார்க்க, தொப்பியைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் வைத்து, மேலே டம்ளர் மூடவேண்டும். டம்ளரை மறந்தேன், மின்விசிறியை மறக்கவில்லை. தாளும் தொப்பியும் சோபாவுக்கு அடியில் கிடைத்தன.

கடைசியாக, மழைக்காலத்தில் புல் வெட்டக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்துக்கு உருக்கமாக மனு எழுதினேன். கொடுப்பதற்குள் உண்மை தெரிந்தது. மேலே தெரிவது பழம் மாதிரிதான். நிஜமான பூஞ்சை, மக்கும் புல்லையும் வேரையும் தின்றபடி மண்ணுக்குள் இழையிழையாகப் பரவிக் கிடக்கிறது. புல் வெட்டினால் அதற்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 'நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்' என்று மேடையில் யாரையாவது ஏளனம் செய்பவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கலாம்: அது முளைப்பதற்கு முன்பே மண்ணுக்குள் வெகுநாள் வேலை நடந்திருக்கிறது. மனுவைக் கிழித்துப்போட்டேன்.

ஆகவே வாசகர்களே, மழை பெய்த மறுநாள் காலை ஆறு மணிக்கே புல்தரைக்குப் போங்கள். குனிந்து பாருங்கள், பறிக்காதீர்கள். முக்கியமாக, பெயர் தெரியாத எந்தக் காளானையும் வாயில் போடாதீர்கள். என் தோல்விகளையாவது உட்கார்ந்து எழுத முடிந்தது. அந்தத் தோல்வியை எழுத ஆள் இருக்கமாட்டார்.