அம்பது ஆட்டம், ஒரு நாள், ஒரு வயிறு

தீம் பார்க்குக்குப் போறியாம்லா மக்கா? கேள்விப்பட்டேன். கேள்விப்படாம எப்படி இருக்கும்? திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துல உங்க முடுக்கு பூரா இதே பேச்சுல்லா. குடும்பத்துக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குழு. அதுல என்னைக்குப் போகலாம்னு வாக்கெடுப்பு. பொறவு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு ஒரு பட்டியல். பதினோரு மணிக்கு முதல் ரைடு. பதினொண்ணே காலுக்கு ரெண்டாவது. பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு செல்பி. செல்பிக்குக்கூட நேரம் குறிச்சாச்சு. கொள்ளாம். ஒண்ணுக்குப் போறதுக்கு எந்தக் கட்டம் மக்கா? அதைக் காணலியே?

கோவப்படாத. கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. நான் ரோலர் கோஸ்டர் ஏறினவன் இல்லை. ஆனா ஏறப் போறவங்களையும் ஏறிட்டு வந்தவங்களையும் நெறையப் பாத்தவன். போறப்ப இருக்குற நெகளிப்பு வாறப்ப யாருகிட்டயும் இருந்தது கெடையாது.

எங்க போறீங்க? கொச்சி பக்கம் பள்ளிக்கரையில இருக்குற வொண்டர்லாவுக்காக்கும். நல்ல எடந்தான். 2000-ல அதைத் தொறந்தப்ப வீகாலாந்துன்னு பேரு. தொடங்கினவரு கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. அவரு முதல்ல என்ன வித்தாரு தெரியுமா? ஸ்டெபிலைசர். 1977-ல அப்பாகிட்ட ஒரு லட்சம் ரூவா கடன் வாங்கி, ரெண்டு வேலையாளை வச்சு, வி-கார்டுன்னு தொடங்கினாரு. கரண்டு ஏறாம எறங்காம பாத்துக்குற பெட்டி. அதுல நாலு காசு சேந்த பொறவு என்ன செஞ்சாரு? மனுஷனை ஏத்தி ஏத்தி எறக்க ஒரு பார்க்கு கட்டினாரு. கரண்டு ஆடக்கூடாதுன்னு துட்டு குடுத்தவன் நீ. நான் ஆடணும்னு துட்டு குடுக்கப் போறவனும் நீ. ரெண்டு துட்டும் ஒரே வாசல்ல போய்ச் சேருது. இதுல்லா புத்தி! எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதைதான் பாத்துக்க.

தாம்பரத்துப் பக்கம் கிஷ்கிந்தா பார்க்கைக் கொண்டுவந்தவரும் நம்ம பக்கத்து ஆளுதான். நவோதயா அப்பச்சன். 1984-ல 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தாரே, அவரு. இந்தியாவுல முதல் 3டி படம். கண்ணாடியை மாட்டிவிட்டு ஆளைப் பயமுறுத்தினவரு, பொறவு கண்ணாடி இல்லாமலே பயமுறுத்தலாம்னு கண்டுபிடிச்சாரு. இப்ப 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் சென்னைக்காரனுக்கும் ஒரு வொண்டர்லா வந்தாச்சு. ஊர் ஊரா ஆளைத் தலைகீழாத் தொங்கவிட ஏற்பாடு நடக்குது. நடக்கட்டும். தொங்குறவன் சம்மதிச்சுதானே தொங்குறான்?

சரி, உன் பட்டியலுக்கு வருவோம். அம்பது ரைடும் பாத்துரணும், இல்லேன்னா குடுத்த துட்டு நட்டம்னு சொல்லுதியாம்லா. கணக்குல நீ புலின்னு உங்க அப்பன் சொல்லுவான். போட்டுப் பாப்பமா? கூட்ட நாளுல ஒரு ரைடுக்கு அரை மணி நேரம் வரிசையில நிக்கேன்னு வச்சுக்க. ஆட்டம் அஞ்சு நிமிஷம். மொத்தம் 35 நிமிஷம். அம்பது ரைடுக்கு 1,750 நிமிஷம். அதாவது 29 மணி நேரம் சொச்சம். பெருமாள் ஒரு நாளைக்கு 24 மணி நேரந்தான் வச்சிருக்காரு. பார்க்குக்காரன் அதுல ஏழு எட்டு மணி நேரந்தான் கதவைத் தொறந்து வைப்பான். சாப்பாடு, உடுப்பு மாத்துறது, காணாமப் போன மச்சானைத் தேடுறது எல்லாம் கழிச்சா, உனக்குக் கெடைக்கிறது எட்டோ ஒம்பதோ ஆட்டம். மிச்சம் நாப்பது ஆட்டத்துக்கும் நீ பட்டியல் போட்ட ராத்திரி எல்லாம் தூக்கம் போச்சே, அந்த நட்டம் யாரு கணக்குல?

வரிசையே வேண்டாம், ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்டு இருக்குன்னு சொல்லுவ. இருக்கு. கூடுதல் துட்டு குடுத்தா முந்திப் போகலாம். முந்திப் போற பாஸை உலகத்துக்குப் பரப்பினவன் டிஸ்னிக்காரன். 1999-ல ஃபாஸ்ட் பாஸ்னு சும்மா குடுத்தான். ஜனம் பழகிச்சு. 2021-ல அதை எடுத்துப்புட்டு, இனி துட்டு குடுத்துத்தான் முந்தணும்னான். பழக்கிவிட்டுப் பொறவு வெலை வைக்கிறதுதான் யாவாரம். கூட்டம் இல்லாத நாளா பாத்துப் போனா அந்த டிக்கெட்டு எதுக்கு? கூட்ட நாளுல எல்லாருமே அதை வாங்கினா, அங்கயும் வரிசைதானே நிக்கும்?

உண்மையான ஃபாஸ்ட் ட்ராக்கு எதுன்னு நம்ம ஊர்க்காரனுக்குத் தெரியும். பங்குனியிலயும் அய்ப்பசியிலயும் பத்மநாபசாமி ஆறாட்டுக்கு, கடல்ல நீராடச் சங்குமுகத்துக்குப் போறாருல்லா? விமான நிலையத்து ஓடுபாதை வழியாத்தான் போறாரு. அந்த நேரத்துக்கு விமானத்தை எல்லாம் நிறுத்திப்புட்டு வழி விடுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை. அவரு டிக்கெட்டு எடுத்ததாகவும் தெரியலை, ஆப்பு எறக்கினதாகவும் தெரியலை. உனக்கும் எனக்கும் அந்த யோகம் கெடையாது மக்கா. நாம வரிசையில நிக்கப் பொறந்தவங்க. நிக்கிறதுக்குத் தெம்பு சேத்துக்க, அது போதும்.

திட்டமே போடாம போகச் சொல்லுதீரான்னு கேப்ப. போடு. ஆனா திட்டத்தை நம்பி மோசம் போகாத. 1955 ஜூலை 17-ல என்ன நடந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல அனஹெய்ம்ங்கிற ஊருல வால்ட் டிஸ்னி முதல் டிஸ்னிலாண்டைத் தொறந்தாரு. அழைப்பு உள்ளவங்க மட்டும் வரணும்னு ஏற்பாடு. கள்ள டிக்கெட்டோட ஜனம் வந்து குவிஞ்சுது. 28,000 பேருன்னு கணக்கு. புதுசாப் போட்ட தாரு வெயில்ல இளகி, பொம்பளையாளுக குதிகால் செருப்பு அதுல புதைஞ்சு நின்னுச்சு. குழாய் வேலைக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணினதால, குடிவெள்ளக் குழாயா கக்கூசா, ரெண்டுல ஒண்ணைத்தான் முடிக்க முடியும்னு ஆயிப்போச்சு. டிஸ்னி எதைத் தெரிஞ்செடுத்தாரு? கக்கூசை. அதனாலதான் அவரு பெரிய ஆளு ஆனாரு. உன் பட்டியல்ல என்ன இல்லைன்னு இப்பப் புரியுதா?

கூட்டம் கூட்டம்னு பயப்படுதியே, அதையும் சொல்லுதேன். கூட்டத்தைப் பத்தி ஸ்ரீவராகத்துக்காரனுக்கு யாரு பாடம் எடுக்கணும்? இஞ்சேருந்து ஆற்றுகால் கோயில் நடந்து போற தூரந்தானே. கும்ப மாசத்துப் பூரம் நாளு பொங்காலை. 1997-ல 15 லட்சம் பொம்பளையாளுக, 2009-ல 25 லட்சம்னு கின்னஸ் புத்தகத்துலயே ஏத்தினான். எந்தப் பார்க்குல ஒத்த நாளுல அத்தனை ஆளு வரும்?

அவங்க கையில என்ன பட்டியல் இருக்கு? மூணு செங்கல், ஒரு மண்பானை, ஒரு கட்டுக் கொதும்பு, பச்சரிசி, சர்க்கரை, தேங்கா. அவ்வளவுதான். முந்தின நாளே வந்து ரோட்டோரத்துல செங்கலை வச்சு எடம் பிடிச்சுக்கிடுவாங்க. கோயில் முன்னால பண்டார அடுப்புல தீ வச்சதும், அந்தத் தீ அடுப்பு அடுப்பாக் கைமாறி நம்ம முடுக்கு வரைக்கும் வந்துரும். கோயில் நடைக்கு நேரா அடுப்பு கெடைக்கலைன்னு எவளாவது வந்த வழியே திரும்பிப் போவாளா? ரேஷன் கடைத் திண்ணைக்குக் கீழ எடம் கெடைச்சா அங்கன அடுப்பு. பக்கத்து அடுப்புக்காரிகிட்ட ஊர் விசேஷம் எல்லாம் கேட்டாச்சு. பானை பொங்கிச்சு. தீர்த்தம் தெளிச்சாச்சு. பானையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நடையைக் கட்டிருவா. போலீசும் கார்ப்பரேஷனும் படுத பாடு வேற, அதைக் கொறைச்சுச் சொல்லலை. ஆனா வந்தவளுக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியும். ஒரு பானை பொங்கணும். அம்பது பானை பொங்கணும்னு அவ ஆசைப்படலை.

இன்னொண்ணும் கேட்டுக்க. பொங்காலை முடிஞ்சதும் அந்தச் செங்கலை எல்லாம் கார்ப்பரேஷன் அள்ளிட்டுப் போயி, வீடு இல்லாதவங்களுக்கு வீடு கட்டக் குடுக்கும். உன் பயணம் முடிஞ்சு மிஞ்சப் போறது என்ன? நனைஞ்ச நைலான் நிக்கரும், இருநூறு செல்பியும். அதுல நூத்தித்தொண்ணூறுல உங்க சித்தப்பா கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரு.

கிண்டல் போதும். போகத்தான் போற, உருப்படியா நாலு வார்த்தை கேட்டுட்டுப் போ.

முதல்ல காலண்டரை எடு. ஓணம், கிறிஸ்துமஸ், ஏப்ரல் மே லீவு, இதெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வேண்டவே வேண்டாம். அப்ப செவ்வாக்கிழமை கூட்டம் இருக்காதுன்னு குதிக்காத. நவம்பர் பொறந்துட்டா ஸ்கூல் டூர் தொடங்கிரும். பஸ்சு பஸ்சா வந்து எறங்குத பிள்ளைகளுக்கு முன்னால உன் ஃபாஸ்ட் ட்ராக்கு எல்லாம் ஒரு மூலைக்குக் காணாது. பரீட்சை நேரத்துல, வேலை நாளா பாத்துப் போ. அய்ப்பசி மாசம்னா மத்தியானத்துக்கு மேல இடியும் மழையும் வரும். மின்னல் வெட்டினா உசரத்துல ஓடுத ரைடை நிறுத்திருவான். அதனால உசந்த ஆட்டத்தை எல்லாம் உச்சிக்கு முன்னாலயே முடி.

உள்ள போனதும் வாசல்ல நிக்கிற முதல் ரைடுல போய் விழாத. எல்லாரும் அங்கதான் விழுவான். கடைசி மூலைக்கு நடந்து போ. அங்கேருந்து வாசலைப் பாத்து ஆடிக்கிட்டே வா. சோறு ஒரு மணிக்குத் தின்னாத, ஊரே அப்பத்தான் திங்கும். முந்தித் தின்னு, இல்லேன்னா பிந்தித் தின்னு. தின்ன ஒடனே தலைகீழ் ஆட்டத்துல ஏறினியோ, பின்னால இருக்கவன் உன்னை நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். வெளிச்சோறு உள்ள விட மாட்டான். அதனால புளியோதரைப் பொட்டலத்தை ரயில்லயே முடிச்சிரு. விடியுமுன்னே வேணாடு ஏறினா, கோட்டயம் வாறதுக்குள்ள பொட்டலம் காலியாயிரணும்.

தண்ணியில எறங்க நைலான் உடுப்பு வேணும். பருத்தித் துணியோட விட மாட்டான். உங்க மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அலைக்குளத்துல எறங்கலாம்னு இருக்காரு, முன்னாலயே சொல்லி வை. உடுப்பை இஞ்ச சாலைக் கம்போளத்துலயே வாங்கு. பார்க்கு வாசல்ல போய் வாங்கினா வாசல் வெலைதான். சின்னவனை வாசல் நிலையில சாத்தி நிறுத்தி உசரத்தை அளந்துட்டுப் போ. பெரிய ரைடுக்கு எல்லாம் உசரக் கணக்கு உண்டு. அரை மணி நேரம் வரிசையில நின்ன பொறவு ரெண்டு விரக்கடை கொறையுதுன்னு திருப்பி விட்டா, பிள்ளை அழுத அழுகைக்கு நீயும் சேந்து அழணும்.

குடும்பத்துக்கே ஒரே நெறத்துல பனியன் அடிச்சிருக்கியாம். அதைக் கேட்டு நான் சிரிச்சேன். யோசிச்சா, உன் திட்டத்துலயே உருப்படியான காரியம் அது ஒண்ணுதான். கூட்டத்துல ஆளைத் தேடிப் பிடிக்கலாம்லா. பிள்ளை கையில பேனாவால போன் நம்பரை எழுதிரு. தொலைஞ்சா எங்க வந்து நிக்கணும்னு ஒரு எடத்தைக் காட்டிக் குடு. போன்ல பேசிக்கலாம்னு சொல்லாத. தண்ணியில எறங்கினவன் எவன் போனைக் கையில வச்சிருப்பான்?

கடைசியா ஒண்ணு. உங்க ஆச்சியையும் கூட்டிட்டுப் போறீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? பைக்கும் செருப்புக்கும் காவல். அவளுக்கும் முழு டிக்கெட்டு எடுத்து, நாள் பூரா பெஞ்சுல உக்கார வச்சு, சாயங்காலம் வந்து "ஆச்சி, நல்லா இருந்துச்சா?"ன்னு கேப்பீங்க. அவளும் "இருந்துச்சு மக்கா"ன்னு சொல்லுவா. இது என்ன நியாயம்? சாமானை எல்லாம் லாக்கர்ல போட்டுப்புட்டு, அவளை ஒரு மெதுவான ரைடுலயாவது ஏத்தி உக்கார வை. பக்கத்துல நீயும் உக்காரு.

அம்பது வேண்டாம். ஆளுக்கு ரெண்டு ஆட்டம் தெரிஞ்செடுங்க, அதை ஆசை தீர ஆடுங்க, மிச்சம் கெடைச்சா லாபம். டிக்கெட்டு எடுக்குமுன்னே காலண்டரைப் பாரு. ரைடு ஏறுமுன்னே வயித்தைப் பாரு. திரும்புமுன்னே ஆளை எண்ணிப் பாரு. இதுக்கு மேல ஒரு திட்டமும் வேண்டாம். அந்தக் கட்டம் போட்ட காகிதத்தை இஞ்ச குடு, எனக்கு மொளகாவத்தல் பொதிய ஒதவும்.