இடுப்புல ஒரு பொட்டி

இன்னாடா பேராண்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல உன் இடுப்புல ஏதோ பொட்டி மாட்டி விட்டாங்களாமே? குனிஞ்சா கிர்ருனு உதறுதாமே? நல்லதாப் போச்சு. கூன் போடாதடான்னு உங்கம்மா கத்தினப்போ கேட்டியா? பேட்டரி போட்டுச் சொன்னாத்தான் உனக்கு ஏறும். எத்தினி தபா உதறுச்சுங்கிற கணக்கு சூப்பர்வைசர் போனுக்குப் போவுதா? பேஷ்! முதுகு உன்னுது, கணக்கு அவரோடது.

நம்ம திருவாலங்காட்டு சாமி, காளியோட போட்டி போட்டுக்கினு காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடிச்சு. காரைக்கால் அம்மா இங்க தலையாலயே நடந்து வந்தாங்க. கம்பெனிக்காரன் அவங்களைத்தான் ஷிப்டுக்கு எடுக்கணும். நீ எட்டு மணி நேரம் கையைத் தூக்கினா தோள்பட்டை பிடிச்சுக்கும்.

அதுக்கும் சாமான் வந்தாச்சுடா. இருங்காட்டுக்கோட்டையில காரு பண்றானே ஹூண்டாய், அவன் 2019-லயே மேல மாட்டிக்கிற சட்டை ஒண்ணு காட்டினான். இரண்டரை கிலோ. வண்டிக்கு அடியில நின்னு கையைத் தூக்கி வேலை பாக்குறவனுக்கு. பேட்டரி கிடையாது, ஸ்பிரிங்குதான் கையைத் தாங்குது. 2024-ல வந்த புதுசுல தோள் பாரம் 60 சதவீதம் வரைக்கும் குறையுமாம். சொல்றவன் விக்கிறவன், பாத்துக்கோ. காலுக்கும் ஒண்ணு இருக்கு, நாற்காலி இல்லாமலே உக்காரலாம். கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுன்னு நம்ம கவர்மெண்டு 2021-ல சட்டமே போட்டுச்சு. ஸ்டூல் வாங்க மனசு வராத முதலாளி இனிமே இதைக் காலுல கட்டிவிட்டுடுவான்.

பெல்ட்டு கட்டினா இடுப்பு வலி வராதுன்னும் நம்பாத. அமெரிக்காவுல கடையில சாமான் தூக்குற ஒம்பதாயிரம் பேருக்கு மேல பாத்துட்டு, கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும் வித்தியாசமில்லைன்னு 2000-த்துல எழுதிட்டான். அங்க தூக்குறதுக்குப் போட்டுவச்ச கணக்கே 23 கிலோதான். அதுவும் உடம்போட ஒட்டி, திரும்பாம, இடுப்பு கிட்ட இருந்து தூக்கினா. நம்ம சிமெண்டு மூட்டை 50.

பொட்டியைக் கழட்டாத. நல்லா உதறட்டும். எந்த எடத்துல ரொம்ப உதறுதுன்னு குறிச்சுக்கோ. சாமானைத் தரையில போட்டு வச்சிருக்கிற எடமாத்தான் இருக்கும். சேப்டி கமிட்டியில எழுந்து, "சார், இந்தச் சாமானை ரெண்டு முழம் ஒசத்தணும்னு உங்க மிஷினே சொல்லுது சார்"னு பணிவாச் சொல்லு. நீ கேட்டா சோம்பேறிம்பான், மிஷின் கேட்டா மீட்டிங் போடுவான்.

அப்பவும் ஒசத்தலையா? ஒரு நாள் மேனேஜர் இடுப்புல அதை மாட்டிவிட்டு, லாரியில இருந்து நாலு மூட்டை இறக்கச் சொல்லு.