தலைசொறிதல் என்னும் விண்ணப்ப முறை

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, பல்லாவரத்துச் சரளை மண்ணிடையே ராபர்ட் புரூஸ் பூட் என்பார் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தது முதல் இவ்வூரின் தொன்மை உலகப் பிரசித்தி பெற்றது. ஆயினும், அக்கோடரியைச் செதுக்கியவன் கூலி உயர்வு வேண்டி எவர் முன்பேனும் தலையைச் சொறிந்து நின்றானா என்னும் வினாவைப் பண்டிதர் எவரும் எழுப்பாமையால், அக்குறையை நிவர்த்திக்கும் பாரம் நம்மீது விழுந்தது.

முதலாளி கல்லாவைப் பூட்டும் தருணம் பார்த்து, இருபதாண்டு ஊழியம் செய்த கணக்குப்பிள்ளை எதிரே வந்து, வலக்கையால் பிடரியைச் சொறிந்தவாறு, "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்" என்று தொடங்குவதே இம்முறையின் பூர்வாங்கம். பேன், பொடுகு முதலியவற்றுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது, முழு வழுக்கையரும் இதனைத் தவறாது அனுஷ்டிப்பதால் ஐயமற நிறுவப்படும். முதலாளியின் மறுமொழியும் மரபு வழுவாதது: "உன்னை வேலைக்காரனாவா பாக்குறேன்? நீ நம்ம வீட்டுப் பிள்ளைப்பா!" இதனால் விண்ணப்பதாரருக்குப் புத்திர ஸ்தானம் கிட்டும், தாயபாகம் கிட்டாது. ஞாயிற்றுக்கிழமை சரக்கு இறக்கும்போது மட்டும் அந்தப் புத்திரனை முதலாளி மறவாமல் நினைப்பார்.

1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த சுவாமி வேதாசலம், அதாவது மறைமலையடிகள், 1911-இல் அப்பணியை உதறித் துறவு பூண்டு இப்பல்லாவரத்திலேயே வாழ்ந்தார். அப்பெரியார் பிடரியைச் சொறிந்திருப்பார் என்று எண்ணவும் நாக் கூசுகிறது. எனினும், மளிகைக்கடையில் பற்று நிலுவையுள்ளவர்க்குத் துறவு உகந்த மார்க்கமன்று. 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டது வேறொரு மார்க்கம்: ஒருவர் தனித்துச் சொறிந்தால் அது விநயம், பலர் கூடிச் சொறிவதை நிறுத்தினால் அது சங்கம்.

குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்ந்து உழைத்து நீங்குபவர்க்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்தபோது, வீட்டுப் பிள்ளை என்னும் பதவிக்கு அதில் காலணாவும் ஒதுக்கப்படவில்லை. அச்சட்டத்தின் கணக்கெல்லாம் உழைத்த ஆண்டுகளுக்கும், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இவற்றுக்குமே இருந்தது. ஆதலின், உயர்வு கிட்டிய நன்னாளில், அது அடிப்படைச் சம்பளத்தில் ஏறிற்றா, அன்றித் தீபாவளி இனாமாக ஒதுங்கிற்றா என்பதை, கையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, வாசகர்கள் வாய்திறந்து கேட்பார்களாக.