கலையுலகக் கர்ணன்கள்

நடிக்க வாய்ப்புத் தேடும் பிள்ளைகளுக்காகக் காஸ்டிங் இணையதளம் நடத்தும் உத்தமர்களை இந்த ஊர் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. அவர்களுடைய கண் யாருக்கு வரும்? அரை வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த படத்தை ஏற்றிய மறுநாள் காலையே ஃபோன் வந்துவிடும்: “சார், உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு.” என்ன பாத்திரம், யார் இயக்கம், எப்போது ஷூட்டிங் போன்ற அற்ப விவரங்களில் அவர்கள் பொழுதைக் கழிப்பதில்லை. நேராக ‘கோல்டு மெம்பர்ஷிப்’தான். மூன்று மாதக் குழந்தையானாலும் ஓய்வுபெற்ற தாசில்தாரானாலும் அந்தத் தேர்வில் தோற்றவர் எவருமில்லை. சினிமாவில் இப்படியொரு சமத்துவத்தை யார் கண்டது?

இந்த வசதி இல்லாத காலத்தில் பாவம், பாரதிராஜா! ‘மண்வாசனை’க்கு (1983) நாயகன் வேண்டி, மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியனைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவரும் பதிவுக் கட்டணம் கட்டாமலே நாயகனாகிவிட்டார். என்ன ஒழுங்கீனம்! விஜய் சேதுபதி கதை இன்னும் மோசம். கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலை பார்த்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, கூடவே நடிப்பையும் கவனித்திருக்கிறார். கட்டணம் கட்டியல்லவா கவனித்திருக்க வேண்டும்?

நம் வள்ளல்களின் அக்கறை மெம்பர்ஷிப்போடு நிற்பதில்லை. உங்களிடம் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் அது போதாதே என்று வருந்தி, தங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோவிலேயே போர்ட்ஃபோலியோ எடுக்க வைப்பார்கள். அப்புறம் ஆர்ட்டிஸ்ட் கார்டு. அப்புறம் காஸ்ட்யூமுக்கு ஒரு டெபாசிட்; ஷூட்டிங் முடிந்ததும் முழுப் பணமும் திரும்பிவிடும். வாக்குத் தவறாதவர்கள். ஆரம்பிக்காத ஷூட்டிங் முடிய வழியில்லை என்பதால், பணம் அவர்களிடமே பத்திரமாக இருக்கும். மாதச் சந்தாவைப் புதுப்பிக்க நீங்கள் மறந்துவிடுவீர்களே என்ற கவலையில், ஆட்டோபே வழியாகத் தாங்களே எடுத்துக்கொள்ளும் பரிவும் உண்டு.

தயாரிப்பு நிறுவனம் தன் இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்க்க இலவசமாகப் போட்ட அறிவிப்பை எடுத்து, பாதியை மங்கலாக்கி, அந்த மங்கலை நீக்கக் காசு வாங்குகிறார்களே, அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும்! நிறுவனங்களோ நன்றி கெட்டவை. ‘எங்கள் பெயரைச் சொல்லி யாரும் பணம் கேட்டால் நம்பாதீர்கள்’ என்று அவ்வப்போது அறிக்கை விடுகின்றன. பொறாமை கடல் கடந்தும் இருக்கிறது. ஹாலிவுட்டை வைத்திருக்கும் கலிஃபோர்னியா மாநிலம், வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வசூலிப்பதையே 2010 முதல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது.

ஷூட்டிங்கில் கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நிற்கும் துணை நடிகர்கூட அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு, புரொடக்‌ஷன் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். படம் எடுப்பவர் நடிப்பவருக்குப் பணம் தருவது என்ற அந்தப் பழைய வழக்கத்தை ஒழித்து, நடிக்காதவரிடமே பணம் வாங்கும் புரட்சியைச் செய்தவர்கள் இவர்கள். இத்தனைக்கும் படமே எடுக்காமல்! அந்த ஃபோன் குரலில் உள்ள கனிவு, நம்பிக்கை, சரியான இடத்தில் விடும் ஒரு சின்ன மௌனம்... நல்ல நடிப்பு வேண்டுமென்றால் உறுப்பினர் பட்டியலைப் புரட்டாமல் அந்த அலுவலகத்திலேயே ஆடிஷன் வைக்கலாம்.

ஆகவே வாசகர்களே, அவர்களிடம் படத்தின் பெயர் என்ன, மேனேஜர் யார், கம்பெனி எங்கே என்று கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். அந்தக் கம்பெனிக்கே நேரில் போய் விசாரிக்கும் அநாகரிகம் வேண்டவே வேண்டாம். சைபர் குற்றங்களுக்கு 1930 என்று ஓர் எண் இருக்கிறது. பணம் போன கையோடு அதை அழைத்தால், தொகை கை மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பெரிய மனிதர்களின் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து நாலு நாள் கழித்து அழையுங்கள்.