எருமைக் கொட்டிலில் பிறந்தவனுக்கு

கேமரா வாங்கிட்டியாமே பேராண்டி? காட்டு. அடேயப்பா, நாயனக் குழல் நீளத்துக்கு இருக்கே! இதத் தூக்கிக்கிட்டு கென்யாவுக்குப் போயி காட்டெருமையப் படம் புடிக்கப் போறியா? பேஷ். தே தாரே ஆறுது, குடிச்சிக்கிட்டே கேளு.

இப்ப நாம உக்காந்திருக்கிற தேக்காவுக்குப் பக்கத்துல ஓடுற தெருவுக்கு என்ன பேரு? பஃபலோ ரோடு. கொஞ்சம் தள்ளி கெர்பாவ் ரோடு. கெர்பாவ்னா மலாயில எரும. ஒரே எருமைய ரெண்டு பாஷையில, ரெண்டு தெருவுல கட்டி வச்சிருக்கான். ரோச்சோர் கால்வாய்ப் பக்கமெல்லாம் அப்ப சேறும் புல்லும். மாட்டுக்கு வேற என்ன வேணும்? கல்கத்தாவுலேருந்து வந்த பெலிலியோஸுங்கிற யூதரு மாட்டு ஏவாரத்துல கொழிச்சாரு. அவரு பேருலயும் ஒரு ரோடு இருக்கு. மாடெல்லாம் எப்பவோ போயிடுச்சு, பேரு மட்டும் அசைபோட்டுக்கிட்டு நிக்குது.

நீ பொறந்த ஆஸ்பத்திரிய 'கேகே'ன்னு நாசூக்காச் சொல்றே. முழுப்பேரு கண்டாங் கெர்பாவ். எருமைக் கொட்டில்டா! 1924லேருந்து பிரசவ ஆஸ்பத்திரி. 1966ல, ஒரே வருசத்துல, கிட்டத்தட்ட 40,000 புள்ளைங்க அங்க பொறந்து கின்னஸ் புத்தகத்துல ஏறுச்சு. ஒங்கப்பனும் அந்த மந்தையில ஒருத்தன்தான். ரெண்டு தலைமுறையா கொட்டில்ல பொறந்துட்டு, எருமையப் பாக்க ஏரோப்ளேன் ஏறுறீங்க.

நான் நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறுற வரைக்கும் எரும மேய்ச்சவன். சொல்றதக் கேட்டுக்க. ஆப்பிரிக்க எரும நம்ம சாதி இல்ல. அத இதுவரைக்கும் எவனும் பழக்கி ஏர்ல பூட்டுனதில்ல. நம்ம எருமைக்குக் கொம்பு அருவாளாப் பின்னால வளையும். அதுக்கு ரெண்டு கொம்பும் நெத்தியில ஒண்ணாக்கூடி, தலப்பாக் கட்டுன பண்ணையார் மாதிரி இருக்கும். பெரிய கடா 800 கிலோ வரும். கூட்டத்த விட, கூட்டத்த விட்டு வெலகிச் சேத்துல தனியாக் கெடக்குதே, அந்தக் கெழட்டுக் கடாகிட்டதான் சாக்கிரதையா இருக்கணும். கெழடுதானேன்னு லேசா நெனச்சுடாதே. என்னப் பாத்துமா ஒனக்குப் புரியல?

மத்தியான வெயில்ல போவாதே. அது நெழல்ல படுத்து அசைபோடும், நீ கல்லப் படம் புடிச்ச மாதிரி வருவே. விடிகாலையில போ. வண்டிய நிறுத்துனதும் இஞ்சின அணைக்கச் சொல்லு, இல்லன்னா படமும் சேந்து நடுங்கும். வெறும் பை ஒண்ணு கொண்டு போயி, அங்கயே அரிசியோ பயறோ வாங்கி ரொப்பி, சன்னல்ல வச்சு அதுமேல கேமராவ வை. கறுப்பப் பாத்தா கேமரா இருட்டுன்னு ஏமாந்து வெளிச்சத்தக் கூட்டிப்புடும். ஊர்ல ஒரு ஸ்டுடியோக்காரரு எங்க எருமைய எடுத்தப்ப, திருநீறு பூசுன சாமியார் மாதிரி வந்துச்சு. ஒன் கேமராவுல மைனஸுன்னு ஒண்ணு இருக்காமே, அதத் தள்ளி வச்சுக்க. கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழுற வரைக்கும் பொறு. அது இல்லன்னா கரிமூட்டதான்.

முதுகுல உண்ணி பொறுக்குற குருவி ஒண்ணு இருக்கும். நம்மூர்ல கரிச்சான் சவாரி போவுமே, அது மாதிரி. அது கத்திக்கிட்டுப் பறந்தா எரும தல தூக்கும். அப்பதான் படம்.

போன பொங்கலுக்கு இங்க மாடு கொண்டாந்து கட்டியிருந்தப்ப நீ என்னா பண்ணே? மாட்டுக்கு முதுகக் காட்டி நின்னு ஒன் மூஞ்சிய எடுத்தே. படத்துல மாட்டுக்கு வாலு மட்டும் இருந்துச்சு. அந்த வித்தைய கென்யாவுல காட்டிப்புடாதே. கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு தேயிலத் தோட்டத்துக்குள்ள வந்து நின்னா, நம்மாளுவ அதுகிட்டயே போயி பல்லக் காட்டுறானுவ. வெள்ளைக் காலுறை போட்டிருக்கு, வாத்தியாரு மாதிரி அடக்கமா இருக்கும்னு நெனப்பு.

அங்க போனதும் அம்மாவுக்குப் போன் போட்டு "எருமையப் பாத்துட்டேன்"னு மொட்டையாச் சொல்லாதே. "ஏன், ஓட்டல் ரூம்ல கண்ணாடி இருந்துச்சா?"ன்னு கேப்பா.